குளக்கட்டும் உல்லாசப் பயணமும்

கல்லடியில் பிறந்தவர் தண்ணீரைத் தேடிப் போகவேண்டியதில்லை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய ஒரு மணல் நிலமாகக் கிடக்கிறது எமது ஊர். 1924ஆம் ஆண்டு ஆள்பதியின் மனைவி பெயரால் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தின் கீழ், பூரணை இரவில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று வெளியூரார் வந்து காத்திருப்பர். எனினும் கல்லடிவாசிகளாகிய நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மகிழ்ச்சியாகக் கழிக்க எண்ணினால் எங்கே போகிறோம் தெரியுமா? கடலையும் வாவியையும் விட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து, நகரத்தைக் கடந்து, வலையிறவில் மீண்டும் வாவியைக் கடந்து, வவுணதீவுக்கு அப்பால் வயல்களின் நடுவே உள்ள ஏதாவது ஒரு குளத்துக்குப் போகிறோம்.

வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையை படுவான்கரை என்றும் அழைப்பது மட்டக்களப்பு வழக்கு. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்பதே சொல்லின் பொருள். ஆனால் பள்ளிக்கூடங்களும் கச்சேரியும் மருத்துவமனையும் மின்விளக்கும் எப்பக்கத்தில் முதலில் வந்தன, நெல்லும் பாலும் விறகும் எப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன என்று எண்ணிப் பார்ப்பவருக்கு, அப்பெயர்கள் திசையை மட்டும் குறிப்பனவாகத் தோன்றமாட்டா.

போர்க்காலத்தில் படுவான்கரைக்கு உல்லாசப் பயணம் என்ற பேச்சே எழவில்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி உறவினர் வீட்டு மரணத்துக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருந்தது. 2007க்குப் பின்னர் பாதைகள் மெல்லத் திறந்தன. 2009க்குப் பின்னர் வேன்கள் போகத் தொடங்கின. இன்று மார்கழி, தை மாதங்களில் குளம் நிறைந்து வான் பாயும் செய்தி கிடைத்தால் போதும். பானை சட்டி, அரிசி, கோழி, பாட்டுப் பெட்டி எல்லாவற்றோடும் நகரம் மேற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். மருத மரத்து நிழலில் அடுப்பு எரியும். பிள்ளைகள் வான்தண்ணீரில் குதிப்பர். பெரியவர்களில் சிலர் மறைவிடம் தேடிப் போத்தலைத் திறப்பர்.

இதை நாம் இழிவாகச் சொல்லவில்லை. ஆறு நாள் கடையில் நின்றவனும், மேசன் வேலைக்குப் போனவனும், தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தவளும் ஏழாம் நாள் தண்ணீரில் விழுந்து கிடக்க விரும்புவது குற்றமன்று. ஓய்வு என்பது உழைப்பவரின் உரிமை. அதைப் பணம் படைத்தவர்கள் பாசிக்குடா விடுதிகளில் வாங்கிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் குளக்கரையில் தேடிக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் உல்லாசப் பயணத்தைப் பண்பாட்டுச் சீரழிவு என்று மேடையில் முழங்கும் ஆசிரிய நண்பர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் குளத்தை நாம் எப்படிப் பார்க்கப் பழகியிருக்கிறோம் என்பதே கேள்வி. 2019ஆம் ஆண்டு தை மாதத்து ஒரு ஞாயிறுவரை அந்தக் கேள்வி நமக்கும் எழவில்லை.

அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த பதினெட்டு மாணவர்கள் நம்மைத் தொல்லைப்படுத்தி அழைத்துச் சென்றனர். பாடசாலைச் சுற்றுலா அன்று; அவர்கள் தாமே காசு சேர்த்து வேன் பிடித்தனர். வயதுவந்தவர் என்று கூடப் போனவர் நாம் ஒருவரே. சென்ற குளத்தின் பெயர் இங்கே வேண்டாம். படுவான்கரையில் அதுபோன்ற குளங்கள் பல. கட்டின் நீளம் ஒருவர் ஒரு பீடி புகைத்து முடிப்பதற்குள் நடந்துவிடக்கூடியது. கட்டின் தென்கோடியில் சீமெந்தாலான வான் இருந்தது. கதவு கிடையாது, குளம் நிறைந்தால் தானாக மேவி வழியும் திண்டு அது. நீர் விழும் உயரம் ஓர் ஆளின் நெஞ்சளவுகூட இல்லை. அதன் கீழே பச்சைப் பாசி படர்ந்த தளமும், தளத்தின் முடிவில் நீர் குடைந்து வைத்த ஒரு மடுவும் இருந்தன.

பானைகளைச் சுமக்கச் சோம்பி, வேனைக் கட்டின்மேலேயே ஏற்றி வான்வரை கொண்டுவந்தோம். முந்திய நாள் மழையில் கட்டு ஈரமாக இருந்தது. அடுப்புக்குக் கல் வேண்டும் என்றபோது, குளத்தின் உட்பக்கச் சரிவில் அடுக்கியிருந்த கற்களில் மூன்றை மாணவர் பெயர்த்து வந்தனர். நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நல்ல தட்டையான கற்கள் என்று பாராட்டியதாகக்கூட நினைவு.

தேங்காய் உடைத்த ஒருவன் மட்டையை வானின் கீழே எறிந்தான். அது ஓடிப்போகவில்லை. விழும் நீரை நோக்கித் திரும்பி வந்தது, அமிழ்ந்தது, சிறிது தள்ளி மேலே வந்தது, மீண்டும் விழும் நீரை நோக்கி வந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் அது அவ்வாறே சுழன்றது. ஏதோ வித்தை காட்டுகிறது என்று எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் இருந்து சங்கப் பாடலில் நீர்த்துறை வருமிடங்களையெல்லாம் அட்டவணைப்படுத்திய நமக்கு, கண்ணெதிரே நின்ற நீரைப் படிக்கத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தின் பின் ஒரு மாணவன் பாசியில் வழுக்கி அந்த இடத்திலேயே விழுந்தான்.

திண்டின் மேலாக விழும் நீர், அடியைத் தொட்டுத் தரையோடு முன்னே பாய்கிறது. அது விட்டுச் செல்லும் இடத்தை நிரப்ப மேற்பரப்பு நீர் பின்னோக்கி, திண்டை நோக்கி உருள்கிறது. மிதக்கும் பொருள் எதுவாயினும் அவ்வுருளைக்குள் அகப்பட்டால், விழும் நீர் அதை அமிழ்த்தும். அமிழ்ந்தது சிறிது தள்ளி எழும். எழுந்ததை மேற்பரப்பு மீண்டும் இழுத்துக் கொடுக்கும். நுரை நிறைந்த நீரில் காற்றே பாதி. அதனால் அங்கே உடம்பு சரியாக மிதப்பதும் இல்லை. நன்றாக நீந்துபவன்கூடக் கரையை நோக்கிக் கையடித்துக் கையடித்துச் சோர்ந்துவிடுவான். உயரம் குறைந்த திண்டுகளே இவ்வகையில் மிகுந்த வஞ்சனை உடையவை. பார்ப்பவருக்கு அச்சமே தோன்றாது. உலகெங்கும் காப்பாற்றக் குதித்தவர்கள் இத்தகைய இடங்களில் விழுந்தவரோடு சேர்ந்து மாண்டிருக்கிறார்கள் என்பதை நாம் பின்னர்தான் படித்தோம். அன்று அறிந்தது, அவனுடைய தலை மூன்று முறை தெரிந்து மூன்று முறை மறைந்தது என்பது மட்டுமே.

இரண்டு மாணவர்கள் குதிக்கப் போனார்கள். அப்போது எதிர்க்கரையிலிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

"ஆரும் இறங்காதீங்க! இறங்கினா மூணு சவம்!"

சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு முதியவர் எருமை கட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். முதல் வீச்சு தவறியது. இரண்டாவதில் கயிறு பையனின் கைக்கு அகப்பட்டது. அவர் அவனை நேரே தம்மை நோக்கி இழுக்கவில்லை. கயிற்றை இறுகப் பிடித்தபடி கரையோடு நீரோட்டத்தின் திசையில் நடந்தார். உருளை அவனைப் பக்கவாட்டில் விட்டுக்கொடுத்தது. மாணவரும் கைகொடுக்க, அவன் கரையேறினான்; வாந்தியெடுத்தான்; மூச்சு வந்தது.

முதியவர் கயிற்றைச் சுருட்டியபடியே கேட்டார்: "சேர் எங்க படிப்பிக்கிற?"

"கல்லடியில், ஐயா."

"கல்லடிப் பொடியனுக்கு நீந்தத் தெரியாதா?"

நாம் என்ன சொல்வதென்று அறியாமல் நிற்க, தரையில் கிடந்தவனே பதில் சொன்னான்: "அம்மா விடல்ல."

அவனுடைய தகப்பனார் நாவலடிக் கடற்றொழிலாளி. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் காலை கடல் எழுந்து வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. தாய் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், தகப்பன் மூத்த பிள்ளையைத் தேடிப் போனார், இருவரும் மீளவில்லை. திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரத்தைச் சாய்த்த அந்த அலைக்குப் பிறகு, அந்தத் தாய் தன் பிள்ளையைக் கடலிலும் விடவில்லை, வாவியிலும் விடவில்லை. நம் வகுப்பில் மூன்று ஆண்டுகள் இருந்த பையன் அவன். அவனுக்கு நீந்தத் தெரியாது என்பது நமக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அந்த முதியவர் அக்குளத்தின் வட்டவிதானை. இச்சொல் நகரத்து வாசகர்களுக்குப் பழக்கமற்றதாக இருக்கலாம். ஒரு வட்டைக்குள் தண்ணீர் முறைப்படி பாய்கிறதா, வாய்க்கால் துப்புரவாக உள்ளதா, வேலி அடைத்தாயிற்றா என்று பார்க்கும் பொறுப்பை ஏற்றவர் அவர். கமக்காரர்கள் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கூடித் தெரிவு செய்வார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று அவர்கள் அறுவடையில் அளந்து கொடுக்கும் நெல்லே ஊதியம். விளைச்சல் பொய்த்தால் ஊதியமும் பொய்க்கும்.

பையன் தெளிந்து உட்கார்ந்ததும் அவர் எம்மைக் கட்டின்மேல் நடத்திச் சென்றார். கோபிப்பார் என எதிர்பார்த்தோம். அவர் கோபிக்கவில்லை, காட்டினார்.

கட்டின் வெளிச்சரிவு அடியில் ஓரிடத்தில் மண் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து உள்ளங்கையில் ஏந்தினார். "தெளிஞ்ச தண்ணியெண்டாப் பயமில்ல, சேர். எந்தக் கட்டும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கலங்கி வந்தாத்தான் மண்ணையும் கூட்டிக்கிட்டு வருகிது. அண்டைக்கு ராவு ஆரும் படுக்கேலா." மண்ணணையின் உள்ளே நீர் நூலளவு வழி கண்டு, ஒவ்வொரு மணலாகக் கரைத்து வழியைக் குழாயாக்கி, இறுதியில் கட்டையே விழச் செய்யும் முறையைப் பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. அவர் அதை ஒரு கைத்தண்ணீரில் விளக்கினார். பிறகு கறையான் புற்று ஒன்றைக் காட்டினார். உடும்புப் பொந்து ஒன்றைக் காட்டினார். கட்டில் முளைத்த மரத்தை ஏன் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கவேண்டும் என்று சொன்னார். மரம் உயிரோடு இருக்கும்வரை வேர் மண்ணைப் பிடிக்குமாம். செத்தபின் வேர் இருந்த இடம் துளையாகிவிடுமாம்.

அதன்பின் இரண்டு நீண்ட பள்ளங்களின் முன் நின்றார். ஈரமண்ணில் சக்கரம் அழுந்திய தடங்கள் அவை.

"இது உங்கட வேன்."

வேறொன்றும் சொல்லவில்லை. நம் அடுப்பிடத்துக்கு வந்ததும் நெருப்பை அணைத்து, கரிபிடித்த அந்த மூன்று கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்று உட்சரிவில் இருந்த இடத்திலேயே பொருத்தினார். வடகீழ்க் காற்றில் குளத்தின் அலை ஓயாமல் கட்டை அறையும். அந்த அறையை வாங்கிக்கொள்வதற்காகவே அக்கற்கள் அடுக்கப்பட்டிருந்தன. நாம் உதவப் போனோம். கல் இன்னும் சுட்டது.

அன்றிலிருந்து அணைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். படித்தவற்றுள் ஒன்று நெஞ்சை விட்டு அகலவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்னுமிடத்தில் ஒரு மண்ணணை இருந்தது. கால்வாய்க்கு நீர் தருவதற்கென்று கட்டப்பட்டுக் கைவிடப்பட்டது அது. இடையில் அதை வைத்திருந்தவர் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். 1879இல் பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வந்தர்கள் அதை வாங்கி, மீன்பிடிப்பதற்கும் வேட்டைக்கும் படகோட்டத்துக்குமாக ஒரு கழகம் அமைத்தார்கள். உருக்காலை அதிபர் கார்னகியும் நிலக்கரி அதிபர் ஃபிரிக்கும் அதன் உறுப்பினர். கழற்றிய குழாய்களை எவரும் மீண்டும் பொருத்தவில்லை. குதிரை வண்டிகள் அணைமேல் வசதியாகப் போவதற்காக அணையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். விட்ட மீன்கள் தப்பிவிடக்கூடாது என்று வானின் குறுக்கே வலைத்தட்டி வைத்தார்கள். 1889ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பெருமழையில் தட்டியில் குப்பை அடைத்தது, தாழ்ந்த உச்சியின் மேலாக நீர் பாய்ந்தது, அணை உடைந்தது. கீழே பள்ளத்தாக்கில் இருந்த ஜோன்ஸ்டவுன் நகரில் உருக்குத் தொழிலாளரும் அவர் குடும்பத்தாருமாக 2,209 பேர் மாண்டனர். கழகத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளில் எவருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை. அது கடவுளின் செயல் என்று தீர்ந்தது.

எம் மாணவர் கார்னகியின் பிள்ளைகள் அல்லர். ஆயினும் குதிரை வண்டிக்காகத் தாழ்த்திய உச்சியும், பானை சுமக்கச் சோம்பி ஏற்றிய வேனும் மனத்தில் அடுத்தடுத்து வந்து நிற்பதைத் தடுக்க முடியவில்லை. மேலே மகிழ்பவருக்குக் கட்டு ஒரு பாதை. கீழே படுத்து உறங்குபவருக்கு அது சுவர்.

அத்தனை தூரம் போகவேண்டியதும் இல்லை. நமக்கு வடக்கே திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளம் இருக்கிறது. குளமும் கோட்டமும் கட்டியவன் ஆதலால் குளக்கோட்டன் எனப் பெயர் பெற்றவனே அதைக் கோணேசர் ஆலயத்துக்காகக் கட்டினான் என்பது தமிழர் ஐதிகம்; ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டியதாக வரலாற்றாசிரியர் சொல்வர். கட்டியவன் எவனாயினும், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன், ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், கட்டு உடைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் மணலின் கீழ்ப் புதைந்தன. கட்டின்மேலான பாதையில் மிகுபாரம் ஏற்றிய வாகனங்கள் சென்றதும் உடைவுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்நாளில் அங்கே மாண்டவர்கள் தமிழரா, சிங்களவரா, முஸ்லிம்களா என்று நீர் கேட்கவில்லை. யார் கட்டியது என்பதற்காக நூல் நூலாக எழுதி வாதிடும் நம் அறிஞர்கள், யார் காத்தார்கள் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காத்தவர் வரலாறு வேறு. முற்காலத்தில் குளத்தில் மண் அகற்றுவதும் கட்டைச் செப்பனிடுவதும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துள் அடங்கியிருந்தன. அது நிலவுடைமைக் கொடுமைதான், சந்தேகமில்லை. 1832இல் ஆங்கில ஆட்சியினர் அதை ஒழித்தபோது, கூலியற்ற உழைப்பு ஒழிந்தது. ஆனால் அதனிடத்தில் கூலியுள்ள உழைப்பு வரவில்லை. தோட்டங்களுக்கு வீதி போட இருந்த பணம் குளங்களுக்கு இருக்கவில்லை. குளங்கள் தூர்ந்தன. 1856இல்தான் நீர்ப்பாசனத்துக்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்து, ஊர் வழக்கங்களை மீட்டு எழுப்ப முயன்றது. இன்றுங்கூட, 80 ஹெக்டேருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் தரும் குளம் சிறுகுளம் என்று கணக்கிடப்பட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில் அன்றி, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் கமக்கார அமைப்புகளின் பராமரிப்பில் விடப்படுகிறது. 2008இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் பேரணைகளைக் கவனித்தது. பொறியியலாளர் வந்தனர், அளவுமானிகள் பொருத்தப்பட்டன. சிறுகுளத்துக்கு மண்வெட்டியும் வட்டவிதானையின் கண்ணுமே அளவுமானி. வாகரைப் பக்கத்தில் ஒரு குளத்துக்கும் ஊருக்கும் கட்டுமுறிவு என்றே பெயர். கட்டு முறிவது எவ்வளவு பழகிய துயரம் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

2011ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தின்போது நாம் வந்தாறுமூலையில் மாணவராக இருந்தோம். ஓயாத மழை. "குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன, தாழ்நிலங்களில் உள்ளோர் அவதானமாக இருக்கவும்" என்று வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. தாழ்நிலம் என்பதை அன்று நாம் ஒரு புவியியற் சொல்லாகவே கேட்டோம். அறுவடைக்கு நின்ற பெரும்போக வேளாண்மை நீரின் கீழ்ப் போயிற்று. அடுத்த மாதமே இரண்டாம் வெள்ளம் வந்தது. நகரத்தில் மரக்கறி விலை ஏறியதுதான் பெரும்பேச்சு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் எழுவான்கரைக் கிணறுகளில் உப்பேறியது. இன்று மட்டக்களப்பு நகருக்கும் சுற்றுப்புறத்துக்கும் வரும் குழாய்நீர், உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவுக்கு வந்து சுத்திகரிக்கப்பட்டு வருவது. அதாவது படுவான்கரைக் குளம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் உரியதன்று. ஏழு நாளும் அதைத்தான் குடிக்கிறோம். அக்குளத்தின் காலடிக் கிராமங்களோ தமக்குக் குடிநீர் இல்லையென்று நெடுங்காலம் முறையிட்டு வந்தன. நம் மாணவரிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்த்தோம். நாற்பது பேரில் முப்பத்தொருவர் "குழாயிலிருந்து" என்றனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

புறநானூற்றில் குடபுலவியனார், நெடுஞ்செழியனிடம் நீரைத் தேக்கிவைக்கும்படி வற்புறுத்தும் பாடலை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். நிலமும் நீரும் கூடியதே உணவு என்ற கருத்தை விளக்குகிறோம். பாண்டியனின் வெற்றிகளை விளக்குகிறோம். அரசன் தேக்கிய நீரை மறுநாள் காலை எழுந்து சுற்றிப் பார்த்தவன் எவன் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. இப்போது நாமே கேட்கிறோம். பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறீர்கள் என்று ஒருமுறை சொல்லப்பட்டது. போனால் என்ன?

அந்த ஞாயிறு மாலை பையனின் வீட்டுக்கு நேரில் சென்று தாயிடம் நடந்ததைச் சொன்னோம். அவள் கேட்டாள், ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டாள். வெளியில் வெகுநேரம் நின்று திரும்பினோம். எட்டு நாள் கழித்துப் பாடசாலை வாயிலில் வந்து நின்றாள்.

"சேர், இவனுக்கு நீந்தப் பழக்கேலுமா?"

மீன்பிடிக்கும் நண்பர் ஒருவர் வாவியின் இடுப்பளவு நீரில் பழக்கினார். முதல் நாட்களில் அவன் கைகளை விடவே மறுத்தான். தாய் ஒவ்வொரு நாளும் கரையில், தாழை மரத்தடியில், வாவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வாரம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவ்வாண்டு சித்திரையில் நாடு குலுங்கியது. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது. பாடசாலையும் இல்லை, பயணமும் இல்லை. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டது. 2022இல் எண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசை. வயலில் விளைந்தது குறைந்தபோது வட்டவிதானைக்கு அளந்த நெல்லும் குறைந்தது. அவர் கட்டை நடந்து பார்ப்பதை நிறுத்தவில்லை என்று அவ்வூர் மாணவன் ஒருவன் வழியாக அறிந்தோம்.

இப்போது ஆண்டில் இரண்டு முறை மாணவரை அழைத்துக்கொண்டு அக்குளத்துக்குப் போகிறோம். முதல் முறை புரட்டாசியில், மழை தொடங்குமுன், கத்தியும் மண்வெட்டியும் கொண்டு. கமக்காரர் செய்யும் சிரமதானத்தில் ஒரு நாள் நம்முடையது. கட்டில் முளைத்த பற்றையை வெட்டுகிறோம். தடம் விழுந்த பள்ளத்தில் மண் போட்டு மிதிக்கிறோம். வயல்வேலை தெரியாத கைகள் கொப்பளித்துப் போகின்றன. கமக்காரப் பெண்கள் சிரிக்கிறார்கள். இரண்டாவது முறை தையில், குளிக்க. வேன் வீதியோடு நின்றுவிடும். பானையைச் சுமந்து போகிறோம். அடுப்புக்கல் கல்லடியிலிருந்தே வருகிறது. வானின் கீழே எவரும் இறங்குவதில்லை; துருசுவாய்ப் பக்கமும் போவதில்லை. முதலை இல்லையென்று வட்டவிதானை காட்டிய ஆழமற்ற துறையில், நீந்தத் தெரியாதவரை முன்கூட்டியே கேட்டறிந்து, முறைவைத்துக் குளிக்கிறோம். மேற்கே மலைப்பக்கம் கறுத்தால், இங்கே வெயில் எறித்தாலும், ஏறிவிடவேண்டும் என்பது அவர் விதித்தது. சில மாணவருக்கு இது சலிப்பாக இருக்கிறது. வேறு குளத்துக்கு வேறு வேனில் போகிறார்கள். அவர்களையும் நாம் தடுக்க முடியாது. வகுப்பில் ஒரு தேங்காய் மட்டையின் கதையைச் சொல்லி அனுப்புகிறோம்.

கடந்த புரட்டாசியில் போனபோது வட்டவிதானைக்குக் கண் மங்கியிருந்தது. கட்டின் அடியில் கசிவு இருந்த இடத்தில் குனிந்தவர், உள்ளங்கையில் ஏந்திய நீரைத் தம்மால் பார்க்க முடியாமல், பக்கத்தில் நின்ற இளைஞனின் முகத்துக்கு நேரே நீட்டினார். அன்று வானில் விழுந்தவன்தான் அவன். இப்போது மேசன் வேலை செய்கிறான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எம்மோடு வந்திருந்தான்.

"எப்படி மனே, கலங்கலா?"

அவன் கையைப் பிடித்து வெயிலின் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தான்.

"தெளிவு, அப்பா" என்றான். "மறுகா ஒருக்காப் பாப்பம்" என்று அவர் கையை மீண்டும் கசிவில் வைத்தார்.